அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்

சுங்கை தெராய் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
24 மார்ச் 1985

வள்ளி,

நானும் அம்மாவும் இங்கே நலம் என்று எழுதினால் பாதி பொய்யாகும். அம்மா நலம். உன் பேரைச் சொல்லிச் சொல்லி என்னைத் திட்ட அம்மாவுக்கு நல்ல தெம்பு இருக்கிறது.

நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்தாங் பெர்ஜுந்தை பஸ்ஸில் ஏறிப் பதினெட்டு நாள் ஆகிறது. ரவாங்கில் உன் பெரியப்பா மகள் நல்லம்மாள் வீட்டில்தான் இருக்கிறாய் என்று காட்டில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் வீரன் சொன்னார். பெண்டாட்டி இருக்கும் இடத்தை மண்டோர் சொல்லித் தெரிந்துகொள்ளும் புருஷன் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான்.

நடந்தது நடந்துவிட்டது. கெமிஸ்ட்ரி போய்விட்டது என்று ரிசல்ட் தாளை வைத்துக்கொண்டு நீ அழுத நேரத்தில் நான் உன் நோட்டை அடுப்பில் போட்டிருக்கக் கூடாது. ஆனால் நீயும் சும்மா இருந்தாயா? மறுபடியும் எழுதுவேன், ஆஸ்பத்திரி லேப்பில் வேலைக்குப் போவேன், இந்த லயத்தில் கிடந்து மட்க மாட்டேன் என்றாய். நான் பிறந்த வீடு இது. எனக்கும் சுருக்கென்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று உனக்குத் தெரியாதா? நேற்றா என்னைக் கட்டிக்கொண்டாய்?

நீ போன பிறகு சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். பதினொரு தாள் மிஞ்சியிருந்தது. ஓரம் கருகியிருக்கிறது, எழுத்து போகவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன். நானும் படித்துப் பார்த்தேன். இந்தப் பக்கம் கொஞ்சம் எழுத்து, நடுவில் ஓர் அம்பு, அந்தப் பக்கம் கொஞ்சம் எழுத்து. எல்லாவற்றுக்கும் சிவப்பில் தப்புப் போட்டிருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஸ்டோரில் நான் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றுகிறேன், பால் உறைகிறது. அதைத்தானே நீ காகிதத்தில் எழுதுகிறாய்? பத்து வருஷமாய் நான் கையால் செய்கிற வேலையை எழுத இவ்வளவு கஷ்டமா?

பதில் எழுது. திட்டியாவது எழுது.

செல்லன்


ரவாங்
7 ஏப்ரல் 1985

மச்சானுக்கு,

கடிதமும் தாள்களும் கிடைத்தன. அத்தை நலம் என்றதில் மகிழ்ச்சி.

நோட்டு எரிந்ததைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அதை ஒருவேளை மறந்தாலும் மறப்பேன். அன்று சாயங்காலம் சீனத் தவுக்கே கடையில் உங்கள் கூட்டாளிகளிடம் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "ஆசிட்டு கலக்குறவன் நானு, கெமிஸ்ட்ரில ஃபெயிலாவுறவ அவ. நல்ல ஜோடி லா!" எல்லாரும் சிரித்தார்கள். கடை வாசலில் எண்ணெய்ப் போத்தலோடு நான் நின்றிருந்தேன். எண்ணெய் வாங்காமலே திரும்பி வந்தேன். ஏன் சமையல் ஆகவில்லை என்று நீங்கள் கத்தியதில்தான் சண்டையே ஆரம்பித்தது. அது உங்களுக்கு இன்று வரை தெரியாது.

இங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் ஃபேக்டரியில் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் சரோஜினி டீச்சரின் வகுப்புக்குப் போகிறேன். நவம்பரில் மறுபடியும் எழுதுவேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு தப்பைப் பார்த்துவிட்டு அப்படியே விட என்னால் முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன், வேறு காரணம் எதுவும் இல்லை. இரசாயன வினை என்றால் பழைய பொருள் போய் வேறு பொருள் வர வேண்டும். நோட்டை அடுப்பில் போட்டீர்களே, அது வினை. தாள் திரும்ப வராது. ஆனால் நீங்கள் உறைய வைக்கும் ரப்பர், ரப்பராகத்தான் இருக்கிறது. பாலுக்குள்ளே ரப்பர் துளிகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு கிடக்குமாம். ஆசிட் போய் அந்தத் தள்ளுதலை நிறுத்துகிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. இதைக் கேட்ட அன்று டீச்சர் அடுத்துச் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

இனி எழுத வேண்டாம். எழுதினால் என் படிப்பு கெடுகிறது.

புஷ்பவள்ளி


சுங்கை தெராய்
21 ஏப்ரல் 1985

வள்ளி,

எழுத வேண்டாம் என்றாய். உன் படிப்பு கெட வேண்டாம் என்று ஒரு வாரம் எழுதாமல் இருந்து பார்த்தேன். என் பொழைப்பு கெட்டது. அதனால் எழுதுகிறேன்.

கடை வாசலில் நீ நின்றது எனக்குத் தெரியாது. அதைப் பற்றி இப்போது எழுத வாய் வரவில்லை, கையும் வரவில்லை. பொறு.

ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணி மகாதேவாவின் மகன் படித்து முடித்த புத்தகத்தை இரவல் வாங்கியிருக்கிறேன். "உமக்கேன் காணும் இந்தப் புத்தகம்?" என்று கேட்டார். பொழுது போகவில்லை ஐயா என்றேன். மலாயில் இருக்கிறது. கம்பத்து மலாய்க்காரர்களோடு பேசுகிற மலாய் வேறு, இந்த மலாய் வேறாக இருக்கிறது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். வினைக்கு அவர்கள் திண்டாக் பாலாஸ் என்கிறார்கள். பாலாஸ் என்றால் பதில்தானே? அப்படியானால் நீ எனக்குப் பாலாஸ் போட்டுத்தான் ஆக வேண்டும், புத்தகத்திலேயே இருக்கிறது.

தண்ணீர்க் கணக்கை நானே போட்டுவிட்டேன். இந்தப் பக்கம் ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் இரண்டு. அந்தப் பக்கம் H₂O, அதில் ஆக்சிஜன் ஒன்றுதான். இன்னொரு ஆக்சிஜன் எங்கே போய்த் தொலைந்தது என்று வெகு நேரம் தேடினேன். பிறகு O-வின் காலடியில் ஒரு 2 போட்டேன்.

H₂ + O₂ → H₂O₂

இரண்டு பக்கமும் சரியாகிவிட்டது. இதற்கா அழுதாய்?

செல்லன்


ரவாங்
5 மே 1985

மச்சான்,

நான் சிரித்த சிரிப்பில் நல்லம்மாள் அக்கா ஓடி வந்துவிட்டார். "என்னாடி, பைத்தியமா?" என்றார்.

நீங்கள் போட்டது தண்ணீர் இல்லை. புண்ணில் ஊற்றினால் புசுபுசுவென்று நுரைக்குமே, நம் தோட்டத்து டிரஸர் வைத்திருப்பாரே, அந்த மருந்து. தாகத்துக்குக் கேட்டவனுக்கு அதைக் கொடுத்தால் அவன் கதி என்ன?

காலடியில் இருக்கும் எண்ணைத் தொடவே கூடாது. அதைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். முன்னால் மட்டும்தான் எண் போடலாம். எத்தனை வேண்டும் என்று கேட்கலாம், நீ வேறு ஆளாக மாறு என்று சொல்லக் கூடாது. இப்படி:

2H₂ + O₂ → 2H₂O

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்தப் பக்கம் போகும்போது ஒன்றும் காணாமல் போகக் கூடாது, புதிதாக ஒன்று வந்து சேரவும் கூடாது. அவ்வளவுதான் விதி.

இன்னொன்றும் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சிவப்புத் தப்புகளைப் பார்த்தீர்களே, அத்தனையும் இதே தப்புத்தான். பரீட்சையிலும் அவசரத்தில் காலடி எண்ணைத்தான் மாற்றி மாற்றி வைத்தேன். நீங்களும் முதல் நாளே அதையே செய்திருக்கிறீர்கள். நல்ல ஜோடி என்று நீங்கள் சொன்னது சரிதான் போலிருக்கிறது.

வீட்டுப்பாடம்: N₂ + H₂ → NH₃. இது நம் தோட்டத்தில் பாலில் ஊற்றும் அமோனியா. சரிசெய்து அனுப்புங்கள்.

வள்ளி


சுங்கை தெராய்
26 மே 1985

வள்ளிக்கு,

N₂ + 3H₂ → 2NH₃. மூன்று நாள் பிடித்தது. தாள் தீர்ந்துபோய்ச் சமையல்கட்டுச் சுவரில் கரியால் எழுதினேன். அம்மா பார்த்துவிட்டு, "படிச்ச மருமவ வீட்டுல இல்ல, படிக்காத மவன் சுவத்துல கிறுக்குறான், கலி முத்திப்போச்சு"ன்னு லெட்சுமி வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் சுவரை அழிக்கவில்லை. சரியாய் வந்திருக்கிறதா என்று என்னிடமே இரண்டு தரம் கேட்டார்.

பொறு என்று அன்று எழுதினேன். இப்போது எழுதுகிறேன். கடையில் அப்படிச் சொன்னது தப்பு. சிரிப்புக்குச் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். நீ என்னை விட்டு மேலே போய்விடுவாய் என்று பயம். பயத்தில் வாய் முந்திக்கொண்டது. நோட்டை எரித்ததும் அதே பயம்தான். மன்னித்துவிடு புள்ள. இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. காகிதத்தில் வருகிறது.

வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கிறேன். நீ இல்லை என்று தெரியும். தெரிந்தும் தினமும் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். பாயில் நீ படுக்கும் பக்கம் கால் நீட்டுவதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, வள்ளி. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அமோனியாவும் எங்கள் ஆசிட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுது. பால் வழியில் கட்டிவிடாமல் இருக்க ரப்பர் காட்டில் அமோனியா ஊற்றுகிறார்கள். ஸ்டோரில் நான் கட்டுவதற்கு ஆசிட் ஊற்றுகிறேன். ஒருவன் கட்டாதே என்கிறான், இன்னொருவன் கட்டு என்கிறான். நடுவில் யார் ஜெயிக்கிறார்கள்?

செல்லன்


ரவாங்
16 ஜூன் 1985

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

நீங்கள் கேட்டது:

NH₃ + HCOOH → HCOONH₄

ஒன்றுக்கு ஒன்று. முன்னால் எண்ணே வேண்டாம், தானாகச் சரியாக இருக்கிறது. யாரும் ஜெயிப்பதில்லை. இரண்டும் சேர்ந்து உப்பாகிவிடுகின்றன. அமோனியா தீர்ந்த பிறகு மிஞ்சுகிற ஆசிட்தான் பாலைக் கட்டும். டீச்சரிடம் காட்டினேன், சரி என்றார். புத்தகத்தில் பார்க்காமல் நானே போட்டது.

உங்கள் கடித உறையைப் பிரித்தால் முதலில் ஆசிட் வாடை வருகிறது. ஸ்டோரில் வைத்துத்தான் எழுதுகிறீர்களா? மூக்கில் சுள்ளென்று ஏறுகிறது. அங்கே இருந்தபோது உங்கள் சட்டையைத் தனியாக ஊறப்போட்டு மூன்று தண்ணீர் அலசுவேன், அப்படியும் போகாது. அப்போதெல்லாம் அலுத்துக்கொண்டேன். இப்போது கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். அக்கா பிள்ளைகள், "சித்தி, என்னமோ நாறுது"ன்னு ஓடுதுங்க.

ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போனால் என்ன என்று நினைப்பீர்கள். வகுப்பு இருக்கிறது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. வந்தால் திரும்பிப் போக மாட்டேன்.

உங்கள் வள்ளி


சுங்கை தெராய்
14 ஜூலை 1985

வள்ளிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. அம்மாவுக்கு முழங்கால் வலி, எண்ணெய் தேய்க்கிறேன். மழை அதிகம். வேலையும் அதிகம். அதனால்தான் எழுதத் தாமதம். நீ நன்றாகப் படி. வேறு விசேஷம் இல்லை.

செல்லன்


ரவாங்
28 ஜூலை 1985

மச்சான்,

ஐந்து வரி. ஒரு கேலி இல்லை, ஒரு பழமொழி இல்லை. வீட்டுப்பாடம்கூடக் கேட்கவில்லை.

அது போகட்டும். கடிதத்தில் வாடை இல்லை. முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். புல்லுக்கு அடிக்கிற மருந்து மாதிரி ஏதோ லேசாக வருகிறது. நீங்கள் ஸ்டோரில் இல்லை. என்ன நடந்தது? உண்மையைச் சொல்லுங்கள். அத்தைக்கு உடம்பு முடியவில்லையா? இல்லை, உங்களுக்கா?

பதில் வரும் வரை என்னால் ஒரு சமன்பாடுகூடப் போட முடியாது.

வள்ளி


சுங்கை தெராய்
4 ஆகஸ்ட் 1985

வள்ளி,

உன் மூக்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை. சரி, கேள்.

ஜூன் கடைசியில் வாய்க்கால் பாலம் உடைந்துவிட்டது. பால் லோரி கம்பத்துப் பக்கம் சுற்றித்தான் வர வேண்டும். வழியில் கட்டிவிடும் என்று மண்டோர் வீரன் வழக்கத்தைவிட இரண்டு போத்தல் அமோனியா கூட ஊற்றி அனுப்பினார். ஆசிட்டின் அளவைக் கிராணிதான் சொல்வார். அன்று அவர் டவுனுக்குப் போயிருந்தார். மற்றவன் என்றால் காத்திருப்பான். எனக்குத்தான் கெமிஸ்ட்ரி தெரியுமே! உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று. இரண்டு போத்தல் அமோனியாவுக்கு இரண்டு போத்தல் ஆசிட். கேனிலிருந்து அப்படியே அளந்து கூட ஊற்றினேன். பக்கத்தில் நின்ற சேதுவிடம், "எம் பொண்டாட்டி கணக்குடா இது"ன்னு பெருமையாச் சொன்னேன்.

பாலைத் தகடாகப் பிரிக்கும் தடுப்புப் பலகையை இறக்குவதற்குள் தொட்டி இறுகிவிட்டது. மறுநாள் ரோலரில் கொடுத்தால் கடிக்கவே இல்லை, கல்லு மாதிரி. மூன்று தொட்டிப் பால் வீண்.

"ஆரைக் கேட்டு ஊத்தினனீர்?" என்றார் கிராணி. ஒருவரையும் கேட்கவில்லை, கை தவறிவிட்டது என்றேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் உன் பேர் வரும். கிராணி என்னை ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது புல் மருந்து அடிக்கிற கும்பலில் இருக்கிறேன். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடும்போது, பத்து வருஷம் ஸ்டோர் ஆள்களோடு நின்ற நான் இப்போது அந்தப் பக்கம் போய் நிற்கிறேன்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொன்னால் நீ படிப்பை விட்டுவிடுவாய். விட்டால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். ஆனால் எங்கே தப்பு என்று மட்டும் சொல். ஒன்றுக்கு ஒன்றுதானே போட்டேன்?

செல்லன்


ரவாங்
8 ஆகஸ்ட் 1985

என் மச்சானுக்கு,

உங்கள் தப்பு இல்லை. என் தப்பு. ஒரு வரி எழுதாமல் விட்டுவிட்டேன்.

முன்னால் போடுகிற எண் தலை எண்ணிக்கை. போத்தல் எண்ணிக்கை இல்லை. ஓர் அமோனியா மூலக்கூறுக்கு ஓர் ஆசிட் மூலக்கூறு. ஒரு பலாவுக்கு ஓர் எலுமிச்சை கொடு என்றால், ஒரு கூடைப் பலாவுக்கு ஒரு கூடை எலுமிச்சையா கொடுப்பார்கள்? கூடை ஒன்றுதான், உள்ளே இருக்கும் தலை ஒன்றா? மண்டோர் ஊற்றிய அமோனியாவில் பெரும்பாகம் தண்ணீர். உங்கள் கேனில் இருப்பது கெட்டி ஆசிட். போத்தலுக்குப் போத்தல் ஊற்றினால் ஆசிட் பல மடங்கு ஏறிவிடும். எத்தனை சதவீதம் என்று இரண்டையும் கேட்டு, எடையைக் கொண்டு கணக்குப் போட வேண்டும். அந்தப் பாடம் எங்களுக்குப் போன வாரம்தான் நடந்தது. கரும்பலகையில் டீச்சர் எழுத எழுத, உங்களுக்கு எழுதிய ஒன்றுக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் கடிதம் வருமுன்பே ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றிவிட்டது.

என் பேர் வரக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு நின்றீர்களே. அழுதேன். ஃபேக்டரியில் எல்லாரும் பார்த்தார்கள், அழுதேன்.

கிராணி மகாதேவாவுக்கு நானே தனியாக எழுதிவிட்டேன். கணக்கையும் போட்டு அனுப்பியிருக்கிறேன். கோபிக்காதீர்கள். நீங்கள் எனக்காகப் பொய் சொன்னால் நான் உங்களுக்காக உண்மையைச் சொல்லக் கூடாதா?

படிப்பை விட மாட்டேன். விட்டால் அந்த மூன்று தொட்டிப் பாலும் நிஜமாகவே வீணாகிவிடும்.

வள்ளி


சுங்கை தெராய்
16 நவம்பர் 1985

வள்ளி,

தீபாவளி முடிந்தது. பரீட்சை நேரம், வர மாட்டேன் என்று நீ முன்பே எழுதிவிட்டாய். எனக்கும் புரிந்தது. இருந்தாலும் முதல் நாள் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். சும்மாதான். மூன்று பஸ் வந்தது. கடைசி பஸ்ஸின் டிரைவர், "தாக் மாரி, பாலேக் லா" என்றான். அவள் வரவில்லை, வீட்டுக்குப் போ என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. அம்மா உனக்கென்று எடுத்துவைத்த முறுக்கு டின்னை இன்னும் திறக்கவில்லை. என்னையும் தொட விடவில்லை.

கிராணி மூன்று மாசம் ஒன்றும் பேசாமல் இருந்தார். போன வாரம் பெரட்டில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உம்மட மனிசி எழுதின கணக்கை நான் ரெண்டு தரம் பாத்தனான். ஒரு பிழையும் இல்லை. நீர் ஏன் அப்ப வாய் திறக்கேல்லை?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் "சரி, போம்" என்றார். ஸ்டோருக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த இடத்தில் சேது நிற்கிறான், அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் அமோனியா கூடிப்போன நாளெல்லாம், தொட்டியில் ஊற்றுமுன் ஒரு கோப்பைப் பாலில் சோதித்துப் பார்க்க என்னைத்தான் ஆள்விட்டுக் கூப்பிடுகிறார்.

கெமிஸ்ட்ரி என்றைக்கு என்று எழுதியிருந்தாய். அன்று லீவு போட்டிருக்கிறேன். நான் லீவு போட்டால் உனக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்காதே. அன்று வேலை செய்ய என்னால் முடியாது. காலடி எண்ணைத் தொடாதே.

உன்
செல்லன்


ரவாங்
23 மார்ச் 1986

மச்சான்,

பாஸ். கெமிஸ்ட்ரியில் கிரெடிட். முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன், அக்காவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

டிசம்பரில் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தேனே, அதற்குப் பிறகு இங்கே இருப்பது முன்பைவிடக் கஷ்டமாகிவிட்டது. முன்பு கோபம் துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பஸ் ஏறும்போது உங்கள் கையை விடாமல் நின்றேன், ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நீங்கள்தான் விடுவித்தீர்கள். அந்தக் கை இன்னும் நினைவாகவே இருக்கிறது.

ஆஸ்பத்திரி லேப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டேன். அடையாளக் கார்டில் தோட்டத்து விலாசம்தான் இருக்கிறது. அதனால் பதில் அங்கேதான் வரும். கிடைத்தால் ஜோகூர் பாரு. மூன்று வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். நீங்கள் கூட வர முடியாது என்று எனக்குத் தெரியும். தோட்ட வேலையை விட்டால் மறு மாசம் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். அத்தையை எங்கே வைப்பது?

ஒரு வேண்டுகோள். போக வேண்டாம் என்று எழுதிவிடாதீர்கள். எழுதினால் கேட்டுவிடுவேன். போன வருஷம் நீங்கள் கத்தியபோது என்னால் எதிர்த்துப் பெட்டியைத் தூக்க முடிந்தது. இப்போது மெதுவாக ஒரு வார்த்தை சொன்னாலும் என்னால் தாங்க முடியாது. அந்தப் பயம்தான்.

வள்ளி


சுங்கை தெராய்
15 ஜூன் 1986

வள்ளி,

இத்துடன் இருக்கும் அரசாங்கக் கடிதம் உனக்கு வந்தது. இடம் கிடைத்துவிட்டது. ஜூலை ஏழாம் தேதி ஜோகூர் பாருவில் இருக்க வேண்டும். ஏற்றுக்கொள்வதாக இருபத்தைந்துக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று போட்டிருக்கிறது.

கடிதம் வந்தது புதன்கிழமை. இன்று ஞாயிறு. நான்கு நாள் நான் வைத்திருந்தேன்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை பிரித்துப் படித்துவிட்டு அரிசி டின்னின் அடியில் திணித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை, தபால் காணாமல் போகிற கதைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். போன மாசம்கூட லெட்சுமி மகனுக்கு வந்த கடிதம் ஆபீஸ் மேசையிலேயே கிடந்து வீணாய்ப் போயிற்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விரல் விட்டு எண்ணினேன். இன்னும் பன்னிரண்டு நாள். நான் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். தேதி தாண்டிவிடும், இடம் கிடைக்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்வாய், கொஞ்ச நாள் அழுவாய், அப்புறம் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் உன்னைத் தேற்றுவேன். அதுவரைக்கும் யோசித்துவிட்டேன், வள்ளி. உன்னைத் தேற்றுகிற மாதிரி நினைத்துப் பார்த்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.

நேற்று அரிசி எடுக்கப் போன அம்மாவின் கையில் கடிதம் அகப்பட்டுவிட்டது. எழுத்துத் தெரியாத அம்மா. "இது என்னாய்யா?" என்றார். வள்ளிக்கு வேலைக் கடிதம், மூணு வருஷம் ஜோகூருக்குப் போகணும் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ குடுத்துட்டியா, குடுக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அரிசியை அளந்துகொண்டு அடுப்படிக்குப் போனார்.

உறைக்குள்ளே நிரப்பி அனுப்ப வேண்டிய ஒரு பாரம் இருக்கிறது. ஜாமீன் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். புருஷன் போடலாம் என்று கிராணி படித்துச் சொன்னார். போட்டுவிட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணல்.

நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து தரலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் தர மாட்டேன். அதனால் நாளைக் காலை பதிவுத் தபாலில் போடுகிறேன்.

நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ இங்கேயே இருக்க வேண்டும், தினமும் உன்னைப் பார்க்க வேண்டும், அதுதான் என் ஆசை. இது வேண்டாம் என்று சொல்வதாக ஆகுமோ? ஆகாது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன். போய் வா. நான்கு நாள் வைத்திருந்ததற்கு உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

செல்லன்


ரவாங்
19 ஜூன் 1986

என் மச்சானுக்கு,

கடிதம் நேற்று வந்தது. இன்று காலை தபாலாபீஸ் திறக்குமுன்பே போய் நின்று, ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் போட்டுவிட்டேன். ரசீது என் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். ஃபேக்டரியில் வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடித்துவிடுவார்கள். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். பதினான்கு நாள் வீட்டில் இருப்பேன். அத்தையிடம் சொல்லுங்கள், நான் வந்துதான் சமைப்பேன், அவர் அடுப்பண்டை போகக் கூடாது.

கோபம் வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் வெகு நேரம் நின்றேன். உங்களுக்கு எங்கோ ஒரு தூர ஊரில் வேலை கிடைத்து, அந்தக் கடிதம் தெரியாத்தனமாக என் கையில் வந்து சேர்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

தேதி தாண்டும் வரை நான் கொடுத்திருக்க மாட்டேன், மச்சான்.

வள்ளி